மீன் அமிலம் யாருக்கு?

விடுதியின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சுவரில் ஒரு ஆணி இருக்கிறது. என் சும்மாட்டுத் துணி அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பாரம் சுமக்கிறவர்கள் தலைக்கும் சட்டிக்கும் நடுவில் சுருட்டி வைக்கிற துணி. பழைய நூல்சேலையில் பாதி. துவைத்துத் துவைத்து இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. கட்டட வேலையை விட்டு வந்த அன்று அதை அங்கே மாட்டினேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆசையால் அல்ல, பயத்தால். நாளைக்கே மறுபடியும் தேவைப்பட்டால்?

என் கழுத்தைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், "இனிமே தலையில முடியைத் தவிர வேற எதையும் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறதாம். வலது கை விரல்கள் காலையில் என்னோடு எழுந்திருப்பதில்லை, மரத்தே கிடக்கும். என் வீட்டுக்காரர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். "வேலைக்குப் போகாட்டி என்ன, நான் இருக்கேன்ல" என்று போனில் சொல்வார். ஆனால் மேஸ்திரியும் போன் செய்வார். "புதுக் கட்டடம் கடைக்கால் எடுத்தாச்சு. உன்னை மாதிரி ஆள் கிடைக்குமா? வந்துடு" என்பார். சும்மா உட்கார்ந்து பழகாத உடம்பு. அவர் கூப்பிடும்போதெல்லாம் அந்தத் துணியைத் திரும்பிப் பார்ப்பேன்.

மாடிக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தவர் நாத்தனாரின் வீட்டுக்காரர். குழாய் வேலை பார்க்கிறவர். வாய்க்கு வால்வு கிடையாது என்பதால் எல்லோரும் அவரை வால்வு என்றே கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று இருந்துவிடுவார். தொழிலாளர் விடுதியில் குழாய் ஒழுகினால் அவர்தான் போவார். அப்படிப் போன இடத்தில் காப்பாளரிடம் பேசிப் பேசியே மொட்டை மாடியை வாங்கிவிட்டார். பெரிய கறுப்புத் தொட்டி ஒன்றில் ஜிலேபி மீன் குஞ்சுகளை விட்டார். நீளவாக்கில் வெட்டிய டிரம்களில் ஜல்லியைப் பரப்பி, அதில் கீரை நட்டார். பம்பு மீன் தண்ணீரை ஏற்றி ஜல்லிக்குள் விடும். மீனின் கழிவை ஜல்லியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் கீரைக்கு ஏற்ற உணவாக மாற்றும். கீரை அதைத் தின்றுவிட்டுத் தெளிந்த தண்ணீரைத் திரும்ப மீனுக்கே அனுப்பும். மண் என்று ஒரு பிடிகூடக் கிடையாது.

"வாழ்நாள் முழுக்க ஜல்லி சுமந்தாச்சு அண்ணே. இங்கயும் ஜல்லியா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"நீ சுமந்தது போதும் தங்கச்சி. இனி ஜல்லி உனக்குக் கீரையைச் சுமக்கட்டும்" என்றார். வாய் அப்படி.

ஆனால் கீரை தேறவில்லை. முளைத்தது, வளர்ந்தது, பிறகு வெளுக்க ஆரம்பித்தது. முதலில் அடி இலை, அப்புறம் நடு இலை. மீன்கள் சின்னவை, அவை போடுகிற கழிவு இவ்வளவு கீரைக்குக் காணாது. கடையில் விற்கிற உப்பு உரத்தைத் தூவலாம் என்றால், கீரை குடிக்கிற அதே தண்ணீரில்தான் மீனும் மூச்சு விடுகிறது. கீரைக்கு விருந்து வைக்கப்போய் மீனுக்குப் பாடை கட்டியதாகிவிடும்.

விடுதிச் சமையலுக்குத் தலைவியான அம்மா ஒருநாள் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். இடுப்பில் கை வைத்து நின்று, ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வாயில் போட்டு மென்றார்.

"ஏம்மா, இது கீரையா, மஞ்சக்காமாலை வந்த ஆளா?"

"சின்னச் செடிக்கா. தேறிடும்."

"தேறட்டும். விடுமுறை முடிஞ்சு ஆளுங்க திரும்பி வர்ற அன்னிக்கு வந்து பாப்பேன். நல்லாருந்தா என் அடுப்படிக்கு உன் கீரைதான், இந்த வேலை உனக்குத்தான். இல்லேன்னா காப்பாளர் இங்க துணி காயப்போடக் கம்பி கட்டப்போறாராம். நான் தடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

அவர் இறங்கிப் போன பிறகு ஆணியைப் பார்த்தேன். துணி காற்றில் லேசாக ஆடியது. கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது.

என் நாத்தனார் மீன் கடையில் மீன் சுத்தம் செய்கிறவள். அவள் கத்தியும் நாக்கும் ஒரே கல்லில் தீட்டியவை. நான் புலம்பியதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அண்ணி, எங்க கடைக்கு ஒரு ஆள் வருவாரு. மீனு வாங்க மாட்டாரு. செவுளு, குடலு, தலை, இதைத்தான் அள்ளிக்கிட்டுப் போவாரு. பூனை வளக்குறாருன்னு நெனச்சேன். கேட்டா, தோட்டம் வச்சிருக்காராம். மீன் கழிவும் வெல்லமும் சரிக்குச் சரி போட்டு மூடி வச்சா தேன் மாதிரி இறங்குமாம். பேரு மீன் அமிலம். ஒரு மூடிக்கு ஒரு பெரிய வாளித் தண்ணி கலந்து இலையில தெளிச்சா, செடி கறுகறுன்னு எந்திரிக்குதாம்."

"மீனுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"இலையில பட்டும் படாம தெளிச்சா ஆகாதாம். தொட்டிக்குள்ள மட்டும் போகக் கூடாது, வெல்லத்தண்ணி மீனுக்கு எமன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

செய்தோம். செவுளையும் குடலையும் துண்டு துண்டாக நறுக்கி, வெல்லத்தைப் பொடித்துக் கலந்து, வாளியில் அடைத்து, படிக்கட்டின் அடியில் இருட்டில் வைத்தோம். முதலில் அடித்த நாற்றத்தில் மாடிப் பக்கம் காக்கைகூட வரவில்லை. நாள் போகப் போக நாற்றம் மாறியது. பழுத்த பழம் லேசாகப் புளித்தால் ஒரு வாசம் வருமே, அது வந்தது. வடிகட்டத் துணி தேவைப்பட்டது. நாத்தனாரின் கண் ஆணிக்குப் போனது.

"அதைக் குடுங்க அண்ணி."

"அது வேண்டாம்."

"என்ன வேண்டாம்? சும்மா தொங்குது."

"தேவைப்படும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் பழைய துப்பட்டாவில் வடிகட்டினாள். கெட்டியாக, கரும்பழுப்பாக ஒரு கேன் நிறையக் கிடைத்தது. யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதே என்று, கதவுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டில் நானே அதன் மேல் எழுதினேன்: மீன் அமிலம். "மி"க்குச் சுழி போட்டு "மீ" ஆக்குவதற்குள் பெயிண்ட் கொஞ்சம் வழிந்துவிட்டது. ஆனாலும் தூரத்திலிருந்தே படிக்கலாம்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் இலைகளில் தெளித்து வந்தேன். சொட்டு கீழே விழாதபடி ஒரு கந்தல் துணியை விரித்துக்கொண்டு, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி. கொஞ்ச நாளிலேயே நுனிக் குருத்துகள் பச்சை கண்டன. பச்சை என்றால் கறுகறு பச்சை இல்லை. சோகை பிடித்தவள் முகத்தில் முதன்முதலாகத் தெரிகிற இரத்தம் மாதிரி ஒரு பச்சை. எனக்கு அது போதுமாக இருந்தது. மேஸ்திரி போன் அடித்தபோது எடுக்கவில்லை.

அன்று காலை கழுத்துப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போனேன். பம்பை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகும்படி வால்வு அண்ணனிடம் சொல்லியிருந்தேன். திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போதே அவர் பாட்டு முணுமுணுப்பது கேட்டது. ஏதோ சந்தோஷம்.

"வா தங்கச்சி! நல்ல சேதி. குளிருக்கு மீனெல்லாம் அடியில சோம்பிப் படுத்திருந்துச்சு. போட்ட தீனியை ஏறெடுத்துப் பாக்கல. மருந்து குடுத்துட்டேன்."

"என்ன மருந்து அண்ணே?"

"அதான், உன் கையால எழுதி வச்சிருக்கியே. மீன் அமிலம். கேன்ல பாதியை ஊத்தினேன். என்ன ருசியோ! பாரு, எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து குடிக்குது."

தொட்டியில் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கலங்கி, ஓரமெல்லாம் நுரை கட்டியிருந்தது. மீன்கள் அத்தனையும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. முன்பு ஒருமுறை பம்பு நின்றபோது இப்படித்தான் நின்றன.

"அது குடிக்கல அண்ணே! மூச்சுக்குத் தவிக்குது!"

அந்தத் தோட்டக்காரர் சொன்ன எமன் இதுதான். வெல்லத்தைக் கண்டதும் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் பெருகி, மீனுக்கென்று கரைந்திருக்கும் காற்றையும் சேர்த்துத் தின்றுவிடும். வால்வு அண்ணன் முகம் சுண்டிவிட்டது. முதல் தடவையாக அவர் வாய் மூடியதைப் பார்த்தேன். ஆனால் கை நிற்கவில்லை. பம்புக் குழாயைப் பிடுங்கி, உயரத்தில் கம்பியில் கட்டி, தண்ணீர் அருவியாகத் தொட்டியில் விழும்படி செய்தார். விழுகிற தண்ணீர் காற்றையும் கூட்டிக்கொண்டு விழும். நான் பிளாஸ்டிக் சொம்பால் மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றினேன். விரல்கள் மரத்துப்போய்ச் சொம்பு இரண்டு தடவை நழுவித் தொட்டிக்குள்ளேயே விழுந்தது.

"பாதித் தண்ணிய எறக்கணும். புதுத் தண்ணி வேணும்" என்றார்.

மேல்தொட்டித் தண்ணீரை விட முடியாது. அதில் குளோரின் வாசம் மூக்கைத் துளைக்கும். அதுவும் மீனுக்கு ஆகாது. நாள் கணக்கில் திறந்து வைத்துக் குளோரின் போன தண்ணீர், கீழே சமையற்கட்டுக்குப் பின்னால் டிரம்மில் இருந்தது. அது ஏறி வர வேண்டியது அத்தனை மாடிப் படிகளை. படியோ குறுகல். வாளியைக் கையில் தூக்கினால் சுவரில் இடித்துப் பாதி சிந்திவிடும். குடத்தில் எடுத்துத் தலையில் வைத்தால்தான் ஏறும்.

நான் ஆணியிலிருந்து துணியை எடுத்தேன். கை தானாகச் சுருட்டியது, பழகிய வேலை. தலைக்குக் கொண்டுபோகும்போது வால்வு அண்ணன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"ஊத்தினவன் நான். சுமக்கிறது நீயா? சொல்லு, இதை எப்படிக் கட்டுறது?"

"அண்ணே, உங்களுக்கு வராது."

"வர வை!"

அவர் தலையில் கட்டிவிட்டேன். கழுத்தை நிமிர்த்துங்கள், கண்ணைப் படியில் வைக்காமல் நேராக வையுங்கள், இடுப்பை ஆட்டாதீர்கள் என்று படிக்கட்டு முழுக்கச் சொல்லிக்கொண்டே கூட இறங்கினேன். முதல் குடம் அவர் சட்டையோடு போயிற்று. இரண்டாவது குடம் முக்கால்வாசி மேலே வந்து சேர்ந்தது. அதற்குள் செய்தி கேட்டு நாத்தனார், செதில் ஒட்டிய ஏப்ரனோடு, கையில் கத்தியோடு ஓடி வந்தாள். படியில் எதிரே தலையில் குடத்தோடு ஏறுகிற கணவனைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்ன வேஷம் இது?"

"வழி விடுடி, மீன் சாகுது!"

"கொன்னதே நீங்கதானாமே! மீனுக்குப் போயி மீன் அமிலத்தை ஊத்துவாங்களா?"

"பின்ன யாருக்கு ஊத்துவாங்க? மாட்டுத் தீவனம் யாருக்கு? மாட்டுக்கு. கோழித் தீவனம் யாருக்கு? கோழிக்கு. பல்பொடி பல்லுக்கு. மீன் அமிலம்னு எழுதியிருந்தா நான் என்ன, குருவிக்கா வைப்பேன்?"

"அப்ப தேங்கா எண்ணெயைத் தேங்காய்க்குத் தேய்ப்பீங்களா? இந்த மீனுக்கு ஜிலேபின்னு பேரு, ஒரு நாளாவது இனிச்சிச்சா? பேரைப் பாத்தா ஊத்துறது? என்னை ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சிடுமா?"

"வாய் தேயாது. கழுத்துதான் தேயுது, நகரு!"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் கத்தியை இடுப்பில் செருகிவிட்டுக் கீழே ஓடினாள். அடுத்த குடம் அவள் தலையில் ஏறியது. நான் மேலே நின்று மொண்டு மொண்டு ஊற்றினேன். இறக்கிய கலங்கல் தண்ணீரைச் சாக்கடையில் விட நாத்தனாருக்கு மனம் வரவில்லை. "வெல்லம் போட்ட தண்ணி" என்று பழைய டிரம் ஒன்றில் பிடித்து வைத்தாள்.

மதியம் தாண்டி, மீன்கள் ஒவ்வொன்றாக வாயை மூடி உள்ளே இறங்கின. எல்லாம் அல்ல. பொழுது சாய்வதற்குள் கொஞ்சம் மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. வால்வு அண்ணன் அவற்றைத் தானே கையால் அள்ளினார். அதைப் பார்க்க நாத்தனாருக்கே பொறுக்கவில்லை.

"விடுங்க. வீணாகாது. வெல்லம் இருக்கு" என்றாள்.

அடுத்து வந்த நாட்கள்தான் கஷ்டமானவை. கொத்தமல்லி முழுவதும் வேர் அழுகிச் சாய்ந்தது. பாலக்கும் தண்டுக்கீரையும் தலை தொங்கி நின்றன. ஜல்லியைத் தோண்டி முகர்ந்து பார்த்தால் முட்டை கெட்ட வாசம். வால்வு அண்ணன் வேறு வேலைகளை விட்டுவிட்டு வந்து, கீரைத் தொட்டிகளுக்கு அடியில் காற்றுக் குழாய் விட்டார். பிடித்து வைத்த டிரம் தண்ணீருக்கும் ஒரு காற்றுக் குழாய் போட்டுக் கொப்பளிக்கவிட்டார். மேஸ்திரி போன் செய்தார். இந்த முறை எடுத்தேன்.

"என்னதான் முடிவு? ஆள் போட்டுடட்டா?"

"விடுதி திறக்கட்டும் மேஸ்திரி. அன்னிக்குச் சொல்றேன்."

"கழுத்து எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றேன்.

துணி மறுபடியும் ஆணிக்குப் போயிருந்தது. வால்வு அண்ணனின் தலை எண்ணெய் அதில் ஒரு வட்டமாகப் படிந்திருந்தது.

முதலில் வாசம் போனது. ஜல்லி மழை பெய்த தெரு மாதிரி மணக்க ஆரம்பித்தது. டிரம்மில் கொப்பளித்த தண்ணீரும் தெளிந்து, வடித்த தேநீரின் நிறத்துக்கு வந்தது. நாத்தனார் அந்தத் தோட்டக்காரரையே கேட்டு வந்தாள்: அது இப்போது வெறும் வெல்லத்தண்ணி இல்லை, பக்குவப்பட்ட உரம், வேரில் துளித்துளியாக விடலாம், பறிக்கப்போகிற இலையில் மட்டும் இனி தெளிக்க வேண்டாம். காலையும் மாலையும் ஒரு குவளை, ஜல்லியின் ஓரமாக. அதற்கு மேல் கை நீளவில்லை. ஊற்றி முடித்ததும் மீன் வாயைப் பார்ப்பேன். மூடியிருந்தால்தான் இறங்கிப் போவேன்.

விடுதி திறந்த அன்று சமையலம்மா அதே மூச்சு வாங்கலோடு வந்தார். வால்வு அண்ணன் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று நாத்தனார் முன்கூட்டியே அவர் வாயில் வெற்றிலையை அடைத்திருந்தாள். சமையலம்மா நேராகச் செத்துப்போன கொத்தமல்லித் தொட்டியின் முன்னால் போய் நின்றார்.

"இது என்ன, மயானமா?"

"அது போச்சுக்கா" என்றேன். "தப்பு நடந்துடுச்சு. மீதி இங்க இருக்கு."

திரும்பினார். பாலக் அகலமாக, கறுத்த பச்சையாக, இலை மேல் இலை ஏறி நின்றது. தண்டுக்கீரை என் இடுப்பு உயரம். அவர் ஒரு தண்டை ஒடித்தார். டக்கென்று சத்தம் கேட்டது. அதை அப்படியே வாயில் போட்டு மென்றார். அவர் மெல்லுவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வால்வு அண்ணன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"மீன் வாசம் வரும்னு நெனச்சேன்" என்றார்.

"வருதாக்கா?"

"வரல. போன தடவை தண்ணிய மென்ன மாதிரி இருந்துச்சு. இது கீரை." இன்னொரு தண்டையும் ஒடித்துக்கொண்டார். "எல்லா நாளைக்கும் உன்னால குடுக்க முடியாது, தொட்டி பத்தாது. வாரத்துல பாதி நாள் உன் கீரை. கம்பி கட்டுறதைக் காப்பாளர் வேற எடத்துல வச்சுக்கட்டும், நான் பேசுறேன். அந்த மயானத்துல முதல்ல எதையாவது நடு."

இறங்கும்போது திரும்பி, "ஏம்மா, என்ன உரம் போட்ட?" என்று கேட்டார்.

நாத்தனாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வால்வு அண்ணன் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

"மீன்ல செஞ்சதுக்கா. கொஞ்சம் இவரோட தயவு" என்றேன்.

மேஸ்திரிக்கு நானே போன் செய்தேன். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "கழுத்துக்காகவா?" என்றார். "இல்லை மேஸ்திரி, எனக்கு வேலை இருக்கு" என்றேன். சொன்ன பிறகு அந்த வார்த்தையை எனக்குள்ளேயே இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் படிக்கட்டின் அடியில் இருந்த வாளியைத் திறந்தோம். இறந்த மீன்களில் செய்த அமிலம். பழ வாசம் வந்திருந்தது. நாத்தனார் துப்பட்டாவைத் தேடினாள். நான் ஆணியிலிருந்து சும்மாட்டுத் துணியை எடுத்து உதறி, நடுவில் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தேன். அவள் ஒரு பாதியை வாளியின் வாயில் விரித்தாள். நல்ல நெருக்கமான நூல். ஒரு செதில்கூடக் கீழே போகவில்லை.

கேனின் மேல் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி பெயிண்டைத் தொட்டேன். இந்தத் தடவை இடம் விட்டு, நிதானமாக எழுதினேன். வால்வு அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று சத்தமாகப் படித்தார்:

"மீனில் செய்தது. மீனுக்கு அல்ல. கீரைக்கு."

கேனின் மூடியைத் திருகிக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, மூடிக்கு ஒரு வாளின்னும் எழுதிடு. இல்லேன்னா நான் கீரைக்கும் பாதிக் கேனை ஊத்திடுவேன்."

நாத்தனார் தூரிகையை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் நீட்டினாள். "அதை நீங்களே எழுதுங்க. அப்பத்தான் ஞாபகம் இருக்கும்."